கொடி முடியும் இடத்தில் மடம்: ரியோஹாவில் ஐந்து நாள் சைக்கிள்

முதல் நாள்: லொக்ரோனியோ – லாகுவார்தியா – ஆரோ

எனக்குத் தெரிந்த திராட்சைத் தோட்டம் கம்பம் பள்ளத்தாக்குதான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாகப் படர விட்டிருப்பார்கள். குனிந்து உள்ளே போனால் கொத்து நெற்றியில் இடிக்கும். அந்த நினைப்போடு வடக்கு ஸ்பெயினில் திராட்சை மதுவுக்குப் பேர்போன ரியோஹாவுக்கு வந்தவனுக்கு இன்று காலை முதல் மேட்டிலேயே சப்பென்று ஆகிவிட்டது. பழைய தோட்டங்களில் கொடி படர்வதே இல்லை. முழங்கால் உயரத்தில் முண்டும் முடிச்சுமாக ஒரு கட்டை, அதன் தலையில் நாலைந்து கிளை, அவ்வளவுதான். கம்பியும் கிடையாது, கம்பமும் கிடையாது. புதிதாக நட்ட தோட்டங்களில் மட்டும் வரிசையாகக் கம்பி கட்டியிருக்கிறார்கள். மதியத்துக்குள், எது தாத்தா நட்டது எது பேரன் நட்டது என்று ஓடும் சைக்கிளிலிருந்தே சொல்லப் பழகிவிட்டேன்.

கூட வருவது என் மனைவியின் தம்பி. நெதர்லாந்தில் வேலை. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன், இருபது கிலோ இளைத்தவன். நான் சென்னை ஈசிஆர் ஆள். எதிர்காற்று தெரியும், மேடு என்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை ஏலகிரி, பதினாலு கொண்டை ஊசி வளைவு, மேலே போய் இட்லி. மாப்பிள்ளை சுத்த சைவம். மதுவும் தொடமாட்டான்.

"குடிக்கவும் மாட்டே, கறியும் தின்னமாட்டே. ரியோஹாவுக்கு எதுக்குடா வர்றே?"

"ரோட்டுக்காக மாமா."

ரோடு அப்படித்தான் இருக்கிறது. லொக்ரோனியோவில் எப்ரோ நதியைத் தாண்டியதும் மேடு தொடங்கிவிடுகிறது. நகரம் கடல்மட்டத்திலிருந்து 384 மீட்டர்; லாகுவார்தியா 600-க்கு மேல். பதினெட்டு கிலோமீட்டருக்குள் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் அந்த உயரத்தை எட்ட முடியும். சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது இங்கே சட்டம். பின்னால் வந்த டிராக்டர்காரர் ஒருவர் வளைவு முடியும்வரை ஹாரன் அடிக்காமல் உருட்டிக்கொண்டே வந்தார். நமக்குத்தான் கூச்சமாகி ஓரம் கட்டினோம்.

அறுவடைக் காலம். டிரெய்லர் நிறையத் திராட்சை. பாரத்தில் அடிக் கொத்துகள் நசுங்கிச் சாறு ரோட்டில் சொட்டிக்கொண்டே போகிறது. டயர் அதில் ஏறினால் டேப்பைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். சொட்டிய கோடு நெடுகக் குளவிகள். தோட்ட ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்தபோது, பறித்துக்கொண்டிருந்த ஒருவர் கூப்பிட்டு ஒரு கொத்தை நீட்டினார். டெம்ப்ரனிய்யோ. தெம்ப்ரானோ என்றால் 'சீக்கிரம்'. மற்ற ரகங்களுக்கு முன்னே பழுப்பதால் அந்தப் பெயர். நம்ம பன்னீர் திராட்சையைவிடச் சின்னது, தோல் தடிமன், இரண்டு மூன்று விதை, பயங்கர இனிப்பு. கடித்துத் துப்பிய பிறகு பல் கூசியது. விரலில் பிடித்த ஊதாக் கறை இதை எழுதும்போதும் போகவில்லை.

வடக்கே சுவர் மாதிரி காந்தாப்ரியா மலைத்தொடர். அதன் முகட்டில் மேகம் வழிந்து இந்தப் பக்கம் இறங்கப் பார்க்கிறது, பாதிவழியிலேயே கரைந்துபோகிறது. அட்லாண்டிக் கடலின் ஈரத்தை அந்த மலை மறித்துக்கொள்வதால்தான் இந்தப் பக்கம் வெயில் காய்ந்து திராட்சை பழுக்கிறது. கம்பத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லாகுவார்தியா மதில் சூழ்ந்த குன்றூர். உள்ளே கார் போகக்கூடாது. பழமையைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்தேன். காரணம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஊருக்கு அடியில் வீட்டுக்கு வீடு குகை வெட்டி மது வைத்திருக்கிறார்கள். மேலே லாரி ஓடினால் கீழே பீப்பாய் ஆடும், கூரை விரியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

எல்சியேகோவில் 2006-ல் திறந்த, ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஹோட்டல் வழியில் தெரிந்தது. இளஞ்சிவப்பும் தங்கமும் வெள்ளியுமாக டைட்டானியத் தகடுகள். கல்யாணப் பரிசைப் பிரித்துவிட்டு ரிப்பனைக் கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. மாப்பிள்ளைக்குப் பிடித்திருந்தது. ஐந்து நிமிடம் சண்டை.

மதியச் சாப்பாட்டில் பெரிய சண்டை, ஆனால் எங்களுக்குள் இல்லை. மாப்பிள்ளையிடம் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று உண்டு. ஸ்பானிஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள் எழுதியிருக்கிறான். அதைப் பார்த்து "சின் கார்னே", கறி வேண்டாம், என்று தெளிவாகத்தான் சொன்னான். பீன்ஸும் பட்டாணியும் போட்ட காய்கறிக் கூட்டு வந்தது, மேலே பன்றித்தொடைத் துணுக்குகள் தூவி. கேட்டால், பரிமாறிய அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை: அது கார்னே இல்லையே, ஹாமோன் ஆச்சே! ராத்திரி நோட்டில் புது வரி ஏறியது: "ஹாமோனும் கறிதான். தனியாகச் சொல்லணும்."

ஆரோ வந்து சேரும்போது எதிர்காற்றில் தொடை எரிந்தது. மொத்தம் 52 கிமீ. ஊரின் பேர்போன மதுக்கூடங்களெல்லாம் ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்பது ஏன் என்பதைச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். 1863-ல் இங்கே ரயில் வந்தது. அதே காலத்தில்தான் பிரான்சில் ஃபிலாக்சிரா என்ற பூச்சி திராட்சை வேர்களைத் தின்று தீர்க்க ஆரம்பித்தது. போர்தோ வியாபாரிகள் மது தேடி மலை தாண்டி வந்தார்கள். 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊறவைக்கும் முறை இங்கே வேரூன்றியது அவர்களால். பீப்பாயை ரயிலில் ஏற்ற எது கிட்டமோ அங்கே கட்டிடம். 1890-லேயே தெருவுக்கு மின்விளக்கு போட்ட ஊர் இது. "விளக்குத் தெரியுது, ஆரோ வந்துடுச்சு" என்று ஒரு சொலவடையே உண்டு. அந்த ஃபிலாக்சிரா பூச்சி பக்கத்து ஊர் வயலுக்கு வந்து சேர்ந்ததோ அந்த நூற்றாண்டின் கடைசியில்தான்.

இரண்டாம் நாள்: ஆரோ – சாந்தோ தொமிங்கோ – கான்யாஸ் – சான் மிய்யான்

பஞ்சர். அதுவும் ஊரை விட்டு எட்டாவது கிலோமீட்டரில், நிழலே இல்லாத கோதுமை அறுத்த காட்டில்.

பஞ்சர் ஒரு விஷயமே இல்லை. டியூபை மாற்றினேன். வாடகை சைக்கிளோடு கொடுத்த பம்பை எடுத்தால், அது கார், பைக் வால்வுக்கான தடித்த வாய். எங்கள் சக்கரத்தில் இருப்பதோ ஒல்லி பிரெஸ்டா வால்வு. பம்பு பிடிக்கவே இல்லை. வாடகைக்கு விட்டவர் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்திருக்கிறார். நானும் திறந்து பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். திட்டுவதில் பாதியை எனக்கே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என்பதால் தப்பித்தோம். இருபது நிமிடத்தில் உள்ளூர் கிளப் ஒன்று கும்பலாக வந்தது. பதினைந்து பேர், பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள், எல்லார் காலும் வழித்துப் பளபளவென்று. பேச்சே இல்லை. ஒருவர் பம்பை எடுத்தார், ஒருவர் சக்கரத்தை வாங்கி டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் காட்டினார். நான் அதைப் பார்க்காமலே புது டியூபைப் போட்டிருந்தேன்! இருபது வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. "பொம்பா, பொம்பா" என்று என் பம்பைக் காட்டி அவர்கள் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டு நோட்டில் ஏதோ கிறுக்கினான்.

ஓஹா என்கிற சிறு நதியை ஒட்டி ரோடு தெற்கே ஏறுகிறது. ரியோ ஓஹா, ஓஹா நதி. ரியோஹா என்ற பெயரே அதிலிருந்துதான் என்பார்கள். ஒத்துக்கொள்ளாத மொழியறிஞர்களும் உண்டு. மேடு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்ற ஊர், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள புண்ணியத்தலமான சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரைப் பாதையில் இருக்கிறது. பழனி பாதயாத்திரையில் பார்க்கிற அதே முகங்கள், அதே கட்டுப்போட்ட கால்கள். காவடிக்குப் பதில் பையில் ஒரு சிப்பி. தேவாலயத்துக்குள் போனால் சுவரில் உயரத்தில் சிற்ப வேலைப்பாட்டுடன் ஒரு கோழிக்கூண்டு. உள்ளே உயிருள்ள வெள்ளைச் சேவலும் கோழியும்! செய்யாத திருட்டுக்குத் தூக்கில் போட்ட பையன் சாகவில்லை என்று பெற்றோர் வந்து சொல்ல, "தட்டில் இருக்கிற இந்த வறுத்த கோழி உயிரோடிருந்தால் அவனும் உயிரோடிருப்பான்" என்றாராம் அதிகாரி. கோழி எழுந்து கூவியது. நாங்கள் நின்ற பத்து நிமிடமும் சேவல் வாயே திறக்கவில்லை. அது கூவினால் யாத்திரைக்கு நல்ல சகுனமாம். என் பம்பு விவகாரம் அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அங்கிருந்து யாத்திரைப் பாதையை விட்டுக் கிழக்கே ஒதுங்கினோம். கான்யாஸில் சிஸ்டெர்சியன் என்ற துறவறச் சபையின் கன்னியர் மடம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கியது. சன்னலில் கண்ணாடி இல்லை. மெல்லிதாக அறுத்த வெண்சலவைக்கல். வெளியே கொளுத்தும் வெயில் அந்தக் கல்லுக்குள் புகுந்து, மோரில் நனைத்த மாதிரி வெளிறி உள்ளே விழுகிறது. வியர்வை காயும்வரை உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை, பேசாமல் இருக்கத் தெரியாதவன், பேசவில்லை.

கடைசி ஒன்பது கிலோமீட்டரில் ஒன்றைக் கவனித்தேன். திராட்சை குறைந்துகொண்டே வந்து, நின்றேவிட்டது. பிறகு ஓக் மரக்காடு, மலை. அந்த மடிப்புக்குள் சான் மிய்யான் ஊர், 700 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே. மடங்களைத் தேடி ஓட்டினால், கொடி எங்கே முடிகிறதோ அதற்கடுத்த வளைவில் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் நாள்: சான் மிய்யான் – நாஹெரா

இன்று ஓட்டியது பத்தொன்பதே கிலோமீட்டர், அதுவும் இறக்கம். எழுத இருப்பதோ நிறைய.

இங்கே இரண்டு மடங்கள். சுசோ என்றால் பழைய மொழியில் மேல், யுசோ என்றால் கீழ். மேல்மடம், கீழ்மடம். 574-ல் இறந்த மிய்யான் என்ற துறவி குகையில் வாழ்ந்த இடம் சுசோ. இரண்டும் சேர்ந்து 1997-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. சுசோவுக்கு உங்கள் வண்டியில் போக விடமாட்டார்கள். கீழ்மடத்திலிருந்து சின்ன பஸ் கூட்டிப்போகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த மேட்டின் ஒவ்வொரு வளைவையும் மாப்பிள்ளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு வந்தான்.

சுசோ ரொம்பச் சின்னது. மலைக் குகையின் வாயில் கட்டிய கோயில், லாட வடிவ வளைவுகள், ஒரு பக்கச் சுவர் மலையேதான். 1002-ல் தெற்கே கோர்தோபாவை ஆண்ட முஸ்லிம் தளபதி அல்மன்சூரின் படை எரித்தபோது பிடித்த கரி இன்னும் கல்லில் இருக்கிறது என்று காட்டினார்கள். வாசல் மண்டபத்தில் கல்சவப்பெட்டிகள். அங்கிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு, யுசோவின் கூரை.

யுசோ உருவான கதையைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். 1053-ல் நாஹெரா அரசன் கார்சியா, துறவியின் எலும்புகளைத் தன் ஊருக்கு எடுத்துப்போக மாட்டுவண்டியில் ஏற்றினானாம். மலையிறங்கிச் சமவெளி வந்ததும் மாடுகள் நின்றுவிட்டன. அடித்தும் நகரவில்லை. துறவிக்கு வர இஷ்டமில்லை என்று புரிந்து அங்கேயே மடம் கட்டினார்கள். காவிரிக்கரையில் விபீஷணன் கீழே வைத்த ரங்கநாதரை வேறென்ன சொல்வது!

யுசோவை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், எங்கள் குழுவுக்கு ஸ்பானிஷில். நானும் மாப்பிள்ளையும் ஆளுக்குப் பாதி புரிந்துகொண்டோம். துண்டுப்பிரசுரத்தின் ஓரத்தில் அவன் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். கோரஸ் பாடல் புத்தகங்கள் வைத்திருக்கும் அலமாரியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு புத்தகமும் தோலில் எழுதியது, 40 கிலோவுக்கு மேல். எலி கடிக்காமல் இருக்க அலமாரியின் அடியில் பூனைக்கு ஒரு ஓட்டை. காற்றோட்டமும் ஆச்சு, காவலும் ஆச்சு.

நான் பார்க்க வந்ததோ வேறொரு புத்தகத்தின் ஓரத்தை. ஆயிரம் வருஷத்துக்கு முன், இந்த ஊர் மடத்தில் லத்தீன் ஏடு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்குச் சில சொற்கள் பிடிபடவில்லை. வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் பொருள் எழுதிவைத்தார், தான் வீட்டில் பேசுகிற மொழியில். நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகள் அப்படி. அவற்றில் இரண்டு, வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழியில். ஓரிடத்தில் சும்மா சொற்பொருளாக இல்லாமல் நீண்டு, ஒரு பிரார்த்தனையாகவே முடிகிறது. ஸ்பானிஷ் மொழி பிறந்த இடம் என்று ஊரெங்கும் பலகை வைத்திருப்பது இதை நம்பித்தான். அது இன்றைய ஸ்பானிஷாக வளர்ந்த காஸ்தீலிய மொழியல்ல, நவார்ரா-அரகோன் பக்கத்துப் பேச்சு என்று மொழியறிஞர்கள் திருத்துகிறார்கள். பாஸ்க் எழுத்தின் மிகப் பழைய தடயங்களில் அந்த இரண்டு குறிப்பும் சேர்த்தி. மூல ஏடு மாத்ரித்தில், வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது நகல்.

நகல்தான். ஆனாலும் கண்ணாடிமேல் மூக்கு படக் குனிந்து பார்த்தேன். பெரிய எழுத்தில் லத்தீன், மேலே எறும்பு ஊர்கிற மாதிரி குட்டி எழுத்து. நம்மூரில் அரும்பதவுரை என்று தனி வகையே வைத்து, அதை எழுதியவருக்கு அரும்பதவுரைகாரர் என்று பட்டமும் கொடுத்தோம், பெயரைத் தொலைத்துவிட்டு. இவருக்கும் பெயர் இல்லை. படித்த பையனா, சொல்லிக்கொடுத்த வாத்தியாரா என்றும் நிச்சயமில்லை.

கையில் இருந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தேன். "சுசோ - மேல். யுசோ - கீழ். பூனை ஓட்டை!!" என்று என் கோழிக்கிறுக்கல்.

பக்கத்து ஊர் பெர்சேயோ, இரண்டு கிலோமீட்டர். கொன்சாலோ தெ பெர்சேயோ என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞரின் ஊர். பெயர் தெரிந்த முதல் காஸ்தீலியக் கவிஞர் அவர். இந்த மடத்தில் வளர்ந்தவர். லத்தீனில் எழுதும் அளவுக்குப் படிப்பில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மொழியிலேயே எழுதுகிறேன், கூலியாக ஒரு கோப்பை நல்ல மது போதும் என்று பாட்டிலேயே சொல்லிவைத்தார். அதியமானிடம் கள் வாங்கிக் குடித்த நம் ஔவைக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. அவர் பெயரால் நானும் ஒரு கோப்பை குடித்தேன். மாப்பிள்ளை மோஸ்தோ குடித்தான், நொதிக்காத திராட்சைச் சாறு.

நாஹெரா பற்றிச் சுருக்கமாக, கண் சொருகுகிறது. மண் இங்கே சிவப்பு. முந்தாநாள் டயரில் ஒட்டிய வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணின் மேல் இன்று செம்மண் பூசியிருக்கிறது. ஊருக்குப் பின்னால் சிவந்த பாறைச் செங்குத்து, அதில் குகைகள். கௌதாரியைத் துரத்திய ராஜாளியின் பின்னால் குகைக்குள் போன அதே கார்சியா அரசன், அங்கே மாதா சிலையையும் பக்கத்தில் லில்லி மலர் வைத்த சாடியையும் கண்டானாம். 1052-ல் சாந்தா மரியா மடம். குகை இன்னும் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது, அரசர்களின் கல்லறைகளும்.

நான்காம் நாள்: நாஹெரா – அங்கியானோ – வல்வனேரா

மழை. சாரல் என்று தொடங்கி மழையானது.

நாஹெரிய்யா ஆற்றின் எதிர்ப்போக்கில் நாள் முழுக்க மேலே. அங்கியானோவில் சூப்புக்கு ஒதுங்கினோம். இந்த ஊரின் சிவப்பு பீன்ஸுக்கு ஏகப்பட்ட மவுசு. மாப்பிள்ளை ஒரே மூச்சில் கறி, ஹாமோன், சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி மூன்றும் வேண்டாம் என்று ஒப்பித்தான். சமையற்காரர் வெளியே வந்து, அப்படியானால் அது பீன்ஸே இல்லை என்றார், கோபமில்லாமல். முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டான்.

ஜூலை 22 மக்தலேனா திருவிழாவில் இளைஞர்கள் பொய்க்கால் கட்டி, குட்டைப் பாவாடை குடையாய் விரியச் சுழன்றபடி ஒரு கல்பாவிய சரிவில் இறங்குவார்கள். கட்டையின் உயரம் 45 சென்டிமீட்டர். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை சமதரையில் ஆடுவது. இது சுழன்றுகொண்டே பள்ளத்தில் பாய்வது. அந்தச் சரிவை ஈரத்தில் ஷூவோடு நடந்தே பார்த்தேன். வழுக்கியது.

அதன் பிறகு ஊரே இல்லை. பாறை நெருக்கும் ரோடு, கீழே ஆறு. மடத்துக்குப் பிரியும் கிளைச்சாலையில் சைக்கிள் கணினி வேகத்தை 6, 7 என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஏலகிரியில் வளைவுக்கு வளைவு எண் போட்டிருப்பார்கள், எண்ணிக்கொண்டே ஏறலாம். இங்கே எண்ண ஒன்றுமில்லை. கடைசிப் பல்லில் கிடந்த செயின் அப்படியே கிடந்தது. கண்ணாடி பனிபிடித்து அதையும் கழற்றிப் பையில் போட்டேன். மாப்பிள்ளை முன்னால் போய்விட்டான். ஒரு வளைவில் நிறுத்தினேன், கால்பிடிப்பு. பீச் மரங்களில் மழை விழும் சத்தம் மட்டும். யாரும் பார்க்கவில்லை என்பதால் இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். இங்கே எழுதிவிட்டேன், கணக்கு சரி.

வல்வனேரா மடம் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில். லா ரியோஹாவின் காவல் மாதா. நுன்யோ என்ற கொள்ளைக்காரன், தான் வழிமறிக்கப்போன உழவனின் பிரார்த்தனையைக் கேட்டு மனம் மாறினானாம். அடியில் ஊற்றும் பொந்தில் தேன்கூடும் உள்ள ஓக் மரத்தைத் தேடு என்று அவனுக்கு வாக்கு வந்தது. மரத்துக்குள் சிலை இருந்தது. விடுதியில் அறை கிடைத்தது. ரேடியேட்டர் மேல் நாலு சாக்ஸ், இரண்டு கையுறை. மாப்பிள்ளையிடம் தள்ளியதைச் சொல்லவில்லை. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஐந்தாம் நாள்: வல்வனேரா – நவரெத்தே – லொக்ரோனியோ

"இருநூறு மீட்டர்தானே மாமா?" என்றான் காலையில், காபியைக் கலக்கிக்கொண்டே. வேறெதுவும் சொல்லவில்லை.

வெயில். ஈர ரோடு. நேற்று இரண்டு மணிநேரம் உயிரைக் கொடுத்து ஏறியதை முக்கால் மணியில் இறங்கினோம். நாஹெராவிலிருந்து யாத்திரைக்காரர்களுக்கு எதிர்த்திசை. "புவென் காமினோ", நல்ல பயணம், என்று நூறு பேருக்காவது சொல்லியிருப்போம். ஒரு கிழவர் மட்டும் நாங்கள் வழிதவறிவிட்டோம் என்று நினைத்து மேற்கே கையைக் காட்டினார்.

நவரெத்தேக்குத் தெற்கே மொன்கால்வியோ மலை. ஸ்பெயினைச் சுற்றும் வுவெல்தா சைக்கிள் பந்தயத்தில் 2020-லும் 2024-லும் ஒரு நாள் ஓட்டம் அதன் உச்சியில் முடிந்தது; இரண்டு தடவையும் ஜெயித்தது ஸ்லோவேனிய வீரர் ரோக்லிச். எட்டரை கிலோமீட்டர், சராசரி 9 சதவீதத்தை நெருங்கும். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் மண்பாண்டக் கடையைப் பார்த்தேன். நவரெத்தே குயவர் ஊர். அவன் போய்விட்டு வரும்வரை இரண்டு காபி, ஒரு சின்னச் சட்டி. திரும்பியவன் முகத்தில் உப்பு பூத்திருந்தது. எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நானும் தோண்டவில்லை.

லொக்ரோனியோவில் சைக்கிளை ஒப்படைக்கும்போது பம்பைப் பற்றிச் சொல்லியே தீருவது என்றிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மாப்பிள்ளை வெளியே விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஹேண்டில்பார் பையில் கிடந்த அவன் நோட்டை எடுத்துப் புரட்டினேன். மழையில் மை பரவிக் கிடந்தது. "ஹாமோனும் கறிதான்" என்பதற்குக் கீழே "சோரிசோவும்", அதற்கும் கீழே "மோஸ்தோ - குடிக்கலாம்". சனிக்கிழமைப் பக்கத்தில் தேடிய சொல் இருந்தது:

"பொம்பா - பம்பு. வெடிகுண்டுக்கும் இதே சொல். மாமா ஏர்போர்ட்டில் சொல்லாமல் பார்த்துக்கணும்."